சம்பந்தி ஊட்டு ஹெரால்டு

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில குக்கு. பெங்களூர்ல இருந்து ராத்திரி பஸ்ஸேறி வந்தவன், பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி நேரா கட்டுத்தாரையிலதான் போயி நின்னயாமா. அம்மாயி சொன்னா. எருமைகூட உன்னையக் கண்டு மெரண்டுபோச்சாம். அதென்ன கையில டப்பா?

பெயின்ட்டா! செவப்பு வேற. செரி செரி, நல்ல காரியம். எதையும் கடைசியில இருந்து ஆரம்பிக்கறதுதான் படிச்சவனுக்கு அழகு. பழனிக்குப் போறவன் மொட்டை அடிக்கறதுக்கு முன்னாடியே சந்தனம் பூசிக்கற மாதிரி.

உன்ற அப்பாரோட ஹெரால்டை ஓட வெக்கப்போறேன்னு நீ போன்ல சொன்னப்பவே எனக்கு ஏகப்பட்ட சந்தோசம். பொறகென்ன? 1996ல மாருதி வாங்குன கையோட, "சம்பந்தி, ஒரு ரெண்டு நாளைக்கு இது உங்க கட்டுத்தாரையில நிக்கட்டுமுங்க"ன்னு உட்டுப்போட்டுப் போனவரு அவரு. மனுசன் போயிச் சேர்ந்தும் வருசம் ஆச்சு, அந்த ரெண்டு நாள் மட்டும் இன்னும் முடியலை. நடுவுல எத்தனை கன்னுக்குட்டி அதோட மடுகாட்டுல முதுகு தேச்சு வளந்து, ஈனி, கெழடாயி, சந்தைக்கும் போயிருச்சு.

ஒண்ணு கேளு. அந்த வண்டி கெட்டு நிக்கலை. நின்னதுனால கெட்டுப்போச்சு. வந்த அன்னைக்கு அது பாட்டுக்கு ஓடிட்டு வந்துதான் ஓரங்கட்டுச்சு. என்ற ஆயுசுல ஓடி ஓடிச் செத்த வண்டியைப் பார்த்ததை விட, நின்னு நின்னு செத்த வண்டியத்தான் ஜாஸ்தி பார்த்திருக்கறேன். மோட்டார் ரூம்புல ஆயில் இஞ்சினும் அப்பிடித்தான். கரண்டு மோட்டார் வந்துச்சுன்னு ஒரு வேச காலம் சாக்கைப் போட்டு மூடி வெச்சேன். அடுத்த வருசம் அதைத் திருப்ப நாலு ஆளும் ஒரு கடப்பாறையும் வேண்டி இருந்துச்சு.

உனக்கு இந்த வண்டியோட சாதகம் தெரியுமா? சீமையில காவென்ட்ரிங்கற ஊர்ல 1959ல வந்தது. மூக்கும் முழியும் வரைஞ்சவரு மைக்கலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரரு. நம்ம நாட்டுல 1961ல இருந்து செஞ்சாங்க, அதும் மெட்ராஸ்ல, வண்டலூர்ப் பக்கம். கல்கத்தாக்காரங்களுக்கு அம்பாசடர், பம்பாய்க்காரங்களுக்கு பியட்டு, நம்மாளுகளுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சீமைக் காருக்கு ரெண்டே கதவு. அதுக்கு நாலு கதவு வெச்சது நம்மாளுகதான். சீமைக்காரன் பொண்டாட்டியை மட்டும் கூட்டிட்டுப் போவானாட்ட இருக்குது. இங்க கெடாவெட்டுக்குப் பொறப்பட்டா ஒம்போது பேரு, ஒரு தூக்குப்போசி, ரெண்டு சேவல். ரெண்டு கதவு எந்த மூலைக்கு?

948 சிசி இஞ்சின். இன்னைக்கு உன்ற சேக்காளிக வெச்சிருக்கற பைக்குல சிலது அதை விடப் பெருசு. ஆனா 25 அடி வட்டத்துல திரும்பும், அதுல மாட்டு வண்டியவே தோக்கடிக்கும். உங்க அப்பாரு எங்க ஊட்டு வாசல்ல பசங்க கோலிக்குண்டு ஆடிட்டு இருக்கறப்பவே நடுவுல உட்டுத் திருப்பிட்டுப் போவாரு. குண்டு கலையாது.

செரி, இப்ப நீ என்ன பண்ணப்போறேன்னு நீயே சொல்லிட்டே. வெள்ளிக்கெழமை கழுவறது, சனிக்கெழமை பெயின்ட்டு, ஞாயித்துக்கெழமை புதுப் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பறது, அதை அப்பிடியே படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பறது. அப்பிடித்தானே? அருமை. நான் குறுக்க நிக்கலை. ஆனா பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, அட்டாலியில பழைய ரேடியோ ஒண்ணு கெடக்குது பாரு, அதோட ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தைப் பேத்து எடு. எடுத்து வண்டியோட பக்கவாட்டுல, கதவுக்கு அடியில, மடுகாட்டு ஓரத்துல வெச்சுப் பார்த்துட்டே வா. ஒட்டுனா தகரம். நழுவி உன்ற கால்மேல உழுந்தா பட்டி. 1984லயே ஒரு டிங்கரிங் பட்டறையில துருவெடுக்காம மேலாப்பல பட்டி பார்த்து அனுப்பிச்சுட்டான். அந்தப் பட்டிக்கு உள்ள இருக்கறது தகரமா, இல்ல பழைய தினசரிப் பேப்பரான்னு கெளப்பிப் பார்த்தாத்தான் தெரியும். பேப்பரா இருந்தாப் பத்திரமா எடுத்து வெய்யி, அன்னைக்குத் தேங்கா வெலை என்னன்னு நானும் பார்த்துக்கறேன்.

இந்த வண்டியில ஒரு நல்லது, சேசிஸ் தனி, பாடி தனி. பாடியைத் துண்டு துண்டா போல்ட்டு போட்டு முடுக்கி வெச்சிருக்கறாங்க. ஒரு துண்டு கெட்டா அதை மட்டும் அவுத்து எடுத்துக்கலாம். அதே சமயத்துல, மேல பளபளன்னு இருந்தாலும் அடியில சேசிஸோட பக்கக் கையெல்லாம் மாட்டு மூத்தரத்துல ஊறி அப்பளமா நொறுங்கிக் கெடந்தாலும் கெடக்கும். அதனால மொதல்ல நீ மல்லாக்கப் படுத்து அடியில போகோணும். ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதே, நாலு பக்கமும் நல்ல வேப்பங்கட்டை அண்டக் குடுத்துட்டுப் போ. எனக்கு நீ ஒருத்தந்தான் பேரன்.

அப்பறம் பானெட்டு. இதோட மூஞ்சி முச்சூடும், மடுகாடோட சேர்ந்து, முன்னாடி பார்த்துக் குனிஞ்சு குடுக்கும். டயரு மேல உக்காந்துட்டே வேலை பார்க்கலாம், அத்தனை வசதி. நான் அதைத் தொறந்து பத்து வருசம் இருக்கும். நீ தொறக்கறப்ப சத்தம் போட்டுட்டுத் தொற. ஏர் கிளீனருக்குள்ள எலிக குடும்பத்தோட இருக்குது. முப்பது வருச அனுபோகம், பட்டாவே கேட்டாலும் கேக்கும். அதுக ஒயரை எல்லாம் கடிச்சுத் தோலுரிச்சு வெச்சிருக்கும். அதுல போயி நீ பேட்டரியை மாட்டுனீன்னா, மாட்டுன நிமிசமே பொகையும். அதையும் படம் புடிச்சுக்கலாம், அது ஒரு வசதிதான். இன்னொண்ணு, அந்தக் காலத்துச் சீமை வண்டி முக்காவாசியும் பேட்டரியோட பாசிட்டிவைத்தான் பாடியில புடிச்சிருப்பாங்க, இப்பத்த வண்டிக்குத் தலைகீழ். உன்ற அப்பாரு வண்டியில எதைப் பாடியில புடிச்சிருக்குதுன்னு பழைய ஒயர் தடத்தைப் பார்த்துட்டு மாட்டு. மாத்திக் குடுத்தீன்னா டைனமோவுக்குக் கிறுக்குப் புடிச்சுரும்.

ஞாயித்துக்கெழமை சாவியைத் திருப்பறதுன்னயே, அதுக்கு வர்றேன். முப்பது வருசமா நகராத இஞ்சினுக்குள்ள பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் துருவுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். அதைச் செல்ஃப் அடிச்சு வெடுக்குனு இழுத்தா ரிங்கு ஒடியும், இல்லாட்டிச் சிலிண்டர்ல கோடு உழுகும். பக்கவாதத்துல முப்பது வருசம் படுத்திருந்தவனைக் கையைப் புடிச்சு இழுத்து, "எந்திரிச்சு ஓடுங்க மாமா"ன்னு சொல்லுவயா? எண்ணெய் போட்டு உருவி உடமாட்டே? அதே வைத்தியந்தான். நாலு பிளக்கையும் கழட்டு. ஒவ்வொரு குழிக்குள்ளயும் ரெண்டு கரண்டி இஞ்சின் ஆயில் ஊத்து. ஊத்திப்போட்டு பெங்களூருக்குப் பஸ்ஸேறிரு. அடுத்த வாரம் வந்து மறுக்கா ஊத்து. அப்பறம் பிளக்கு இல்லாமலே நாலாங் கியர்ல போட்டு, வண்டியைப் பொறகால இருந்து குழந்தைத் தொட்டில் ஆட்டற மாதிரி முன்னயும் பின்னயும் அசை. இஞ்சின் கூடவே அசைஞ்சுதுன்னா உனக்கு நல்ல நேரம். அசையலைன்னா கோபப்படாம மறுக்கா எண்ணெய். அந்த நேரத்துல கிளச்சை மிதிச்சுப் பாரு. பிளேட்டு பிளைவீல்ல ஒட்டிக்கிட்டு உடாமக் கெடக்கும், அதுவும் ஒரு பொண்டாட்டி புருசன் வழக்குத்தான்.

ரேடியேட்டர்ல நான் ஒரு காலத்துல நம்ம போர்த் தண்ணியவே ஊத்திப்போட்டேன். இல்லீன்னு பொய் சொல்லலை. அம்மாயி காப்பிப் பாத்திரத்துலயே அந்த உப்பு எத்தனை கனத்துக்குப் படிஞ்சிருக்குதுன்னு பாரு, ரேடியேட்டருக்குள்ள எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சுரும். கழட்டி, கீழ இருந்து மேல தண்ணியைத் தாட்டி உட்டுக் கழுவு. தப்பு என்றதுதான். ஆனா கழுவறது நீதான்.

பெட்ரோல் டேங்கு டிக்கிக்குள்ள ஒரு ஓரத்துல இருக்குது. மூடியைத் தொறந்து மோந்து பாரு. பெட்ரோல் வாசமே வராது. பழைய வார்னீசு வாசம் வரும். அடியில ஊறுகாச் சாடிக் கசடாட்டப் படிஞ்சிருக்கும். அதைக் கழட்டி எடுத்து, ரெண்டு படி சல்லிக்கல்லையோ பழைய நட்டு போல்ட்டையோ உள்ள போட்டு, ஒரு பொழுது குலுக்கோணும். நீ எங்கயோ ஒடம்பைக் குறைக்கறதுக்குன்னு மாசாமாசம் பணம் கட்டறயாமல்ல, அந்தப் பணம் மிச்சம். உள்ள போட்டது முச்சூடும் எண்ணி வெளிய எடுத்தயான்னு பார்த்துக்க. ஒரு நட்டை உள்ளயே உட்டுப்போட்டு, கவுண்டம்பாளையம் வரைக்கும் "எங்கயோ கொலுசுச் சத்தம் கேக்குதுங்க"ன்னு உங்க அப்பாரு ஓட்டிட்டுப் போனது எனக்குத் தெரியும்.

இப்ப ஊத்தற பெட்ரோலும் பழைய பெட்ரோலு இல்ல. கரும்புல இருந்தும் அரிசியில இருந்தும் மக்காச்சோளத்துல இருந்தும் எடுக்கற எத்தனாலை நூத்துக்கு இருவது கலக்கறாங்க. நமக்கு நல்லதுதான், கரும்புக்கு வெலை வரும். ஆனா எத்தனால்னா சாராயந்தானே? புதுசா வர்ற வண்டிக அதுக்குன்னு பொறந்ததுக, தாங்கிக்கும். நம்ம கெழவன் பழக்கமில்லாதவன். பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற ரப்பர்த் தோலு, குழாயி, எல்லாத்தையும் அது உப்ப வெச்சு இளக்கிரும். காத்துல இருக்கற தண்ணியையும் இழுத்துக்கும். அதனால, சாராயத்துக்குத் தாங்கற ரப்பராப் பார்த்து வாங்கி மாத்து. பழைய குழாயி கண்ணுக்கு நல்லா இருக்குதேன்னு உட்டுப்போடாதே. அது இஞ்சின் சூட்டுக்கு மேலாப்பலதான் போகுது, ஒழுகினா நேரா கைலாசம். பம்புக்கு அடியில கையில அமுத்தற சின்னக் குச்சி ஒண்ணு இருக்கும், அதை அமுத்துனா பெட்ரோல் கார்ப்பரேட்டர் வரைக்கும் ஏறும். சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். பிரிச்சு, பெட்ரோல்ல ஊற வெச்சு, ஜெட்டை வாயில ஊது. குத்தூசி போட்டுக் குடையாதே. துவாரம் பெருசாயிருச்சுன்னா, அப்பறம் அது மைலுக்கு ஒரு படி குடிக்கும்.

பொறி வர்ற எடத்துக்கு உன்னையாட்டப் படிச்சவனுக்குத்தான் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தீன்னா நடுவுல பாயின்ட்டு. முப்பது வருசத்துல பாசி புடிச்சிருக்கும். நைசு உப்புத்தாளை மடிச்சு ரெண்டு இழுப்பு இழு. பாயின்ட்டு நல்லாத் தொறந்து நிக்கறப்ப நடுவுல இருக்கற எடவெளி ஒரு அங்குலத்துல ஆயிரத்துக்கு 15 பங்கு இருக்கோணும். பிளக்குக்கு 25. பீலர் கேஜ் இல்லீன்னா, உன்ற பேரும் பதவியும் போட்டுக் கம்பெனியில அச்சடிச்சுக் குடுத்தாங்களே ஒரு அட்டை, அது ஏறக்குறைய அந்தக் கனந்தான் இருக்கும். இத்தனை வருசத்துல அந்த அட்டை ஒரு காரியத்துக்கு ஆகறது இதுதான் மொதத் தடவையா இருக்கும். கண்டன்சரைப் பழசை நம்பாதே, மாத்திரு. பிளக்கு ஒயரைக் கழட்டுனா 1, 3, 4, 2 அந்த வரிசையில மறுபடி மாட்டு. உன்ற அப்பன் ஒருக்கா வரிசை மாத்தி மாட்டிப்போட்டான், வண்டி தீபாவளி கொண்டாடிச்சு.

பாயின்ட்டுக்கு மேல ரோட்டர்னு சின்னதா ஒண்ணு உக்காந்திருக்கும், பெருவெரல் கனம். அது இல்லீன்னா குபேரன் வந்து செல்ஃப் அடிச்சாலும் வண்டி கெளம்பாது. உன்ற அப்பாரு சந்தைக்குப் போறப்பல்லாம் அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவாரு. பையன் வண்டியை எடுத்துட்டு உடுமலையில ரெண்டாம் ஆட்டம் போயிருவான்னு பயம். சாவியைப் பூட்டி வெக்கறவங்களைப் பார்த்திருக்கறேன், இஞ்சினோட உசுரையே பையில போட்டுட்டுத் திரிஞ்சவரு அவரு ஒருத்தருதான்.

காப்பி ஆறுது, குடி.

இப்பத்தான் கண்ணு, நீ உன்ற வெள்ளி சனி ஞாயிறுல எழுதாத ஒண்ணைச் சொல்றேன். பிரேக்கு.

கெளப்பறதுக்கு அத்தனை ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கறயே, நிறுத்தறதுக்கு என்ன வெச்சிருக்கறே? கட்டுத்தாரைக்கு நேர் எதுத்தாப்பல நம்ம கெணறு. தொண்ணூறு அடி. நீ சாவியைத் திருப்பி, வண்டி பாவம் பார்த்துக் கெளம்பி, மொதக் கியர் உழுந்துச்சுன்னா, பிரேக்கு இல்லாம நேரா போயி நிக்கற எடம் அதுதான். போன வருசந்தான் தூர் வாரினேன்.

இந்த வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் டிரம்மு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்த் தடம். இப்பத்த வண்டிகள்ல ரெண்டு தடம், ஒண்ணு போனா ஒண்ணு புடிக்கும். இதுல எங்க ஒரு சொட்டு ஒழுகுனாலும் நாலும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர்ல ஒரு ரப்பர்க் கப்பு, சக்கரத்துக்குச் சக்கரம் சிலிண்டருக்குள்ள ரப்பர்க் கப்பு, நடுவுல ரப்பர்க் குழாயி. முப்பது வருசத்துல அத்தனையும் கருவாடு. பிரேக் ஆயிலுக்குக் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கற புத்தி உண்டு, அந்தத் தண்ணி உள்ள நின்னு சிலிண்டரைத் துரு புடிக்க வெச்சிருக்கும். ஒண்ணு உடாம எல்லாத்தையும் பிரி, சிலிண்டர்ல கோடு உழுந்திருந்தா மாத்து, ரப்பரை எல்லாம் புதுசு போடு. அதுல மட்டும் கஞ்சத்தனம் உன்ற அப்பாரு வழிப் புத்தியாட்ட இருக்கக் கூடாது.

ஏன் சொல்றேன்னு கேளு. இது நீ பொறந்த கதை.

1990, ஆவணி மாசம். எங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றதாச் சொல்லி ஆள் அனுப்பி இருந்தாங்க உங்க ஊட்டுல. காலையில பொறப்படறப்ப பிரேக் ஆயில் கொறச்சலா இருக்குதுன்னு உங்க அப்பாரு ரோட்டோரம் ஒரு பட்டறையில நிறுத்தி இருக்கறாரு. அங்கிருந்த பையன், "ஆயில்னா ஆயில்தானுங்களே"ன்னு இஞ்சின் ஆயிலை எடுத்து அதுல ஊத்திப்போட்டான். இவரும் காசு கம்மின்னு பேசாம வந்துட்டாரு. இஞ்சின் ஆயில் பட்டா அந்தப் பிரேக்கு ரப்பர் தண்ணியில போட்ட கொண்டக்கடலையாட்ட ஊதிரும். ஊதுனா போன பிஸ்டன் திரும்பி வராது. புடிச்ச பிரேக்கு புடிச்சபடியே நிக்கும்.

வந்தாங்க, உக்காந்தாங்க, பலகாரம் சாப்பிட்டாங்க. உங்க அப்பாருக்கு இந்தச் சம்பந்தத்துல அத்தனை இஷ்டமில்லை, மொகத்துலயே தெரிஞ்சுது. எங்க ஊட்டுத் தோட்டம் மேட்டாங்காடு, தண்ணி கம்மி. "ஊருக்குப் போயிக் கடுதாசி போடறமுங்க"ன்னு எந்திரிச்சாரு. கடுதாசி போடறமுங்கன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வண்டியை எடுத்தாரு. வண்டி வரலை. நாலு சக்கரமும் இறுக்கிப் புடிச்சுட்டு நிக்குது. டிரம்முல கை வெச்சா தோசைக்கல்லு. நாங்க எட்டுப் பேரு தள்ளினோம், அதுவும் மனசில்லாத தள்ளுதான். கம்பெனி அப்பவே கதவை மூடிட்டதுனால ரப்பர் கிட்டுக்குப் பஸ்ஸேறிக் கோயமுத்தூர் போகோணும், அது கெடைக்க ரெண்டு நாள். குழாயி, சிலிண்டர் எல்லாம் ஸ்பிரிட்டு ஊத்திக் கழுவோணும், அதுக்கு ஒரு நாள். ஆக மூணு நாள் உங்க ஊட்டு ஒறம்பரை முச்சூடும் இங்கதான். அம்மாயி மூணு நாளும் சந்தவை, கோழிக்கொழம்பு, கம்பஞ்சோறு, கச்சாயம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டா. உன்ற அப்பன் கெணத்து மேட்டுல குக்கிட்டு உன்ற அம்மாகூட நாயம் பேசிட்டு இருந்தான். மூணாம் நாள் பொழுதோட, வாயி நெறைய வெத்தலையோட உங்க அப்பாரே, "ஏனுங்க, ஐப்பசியில நாள் பார்த்துரலாமுங்களா?"ன்னாரு.

அந்தப் பையன் அன்னைக்குச் செரியான ஆயிலை ஊத்தி இருந்தான்னா நீ இந்தத் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருக்கமாட்டே. அதுக்காக நீயும் போயி இஞ்சின் ஆயில் ஊத்திராதே. உனக்கு இன்னும் பொண்ணு அமையலைங்கறது எனக்குந் தெரியும், ஆனா அந்த வழி வேண்டாம். அந்தக் காலத்துல பிரேக் ஆயிலையே ஆமணக்கெண்ணெயில சாராயம் கலந்துதான் செஞ்சாங்க. அதைக் கேட்டுட்டு அம்மாயி வெச்சிருக்கற வெளக்கெண்ணெய் பாட்டலைத் தூக்கிட்டுப் போயிராதே. கடையில சீல் ஒடைக்காத டப்பா வாங்கு.

அடுத்தது, அங்க என்ன ஒரு கிரீஸ் கன்னு பளபளன்னு வாங்கிட்டு வந்திருக்கறே? எல்லா எடத்துலயும் கிரீஸ் அடிக்கறதுக்கா? முன் சக்கரத்தைத் தாங்கிட்டுத் திரும்பறதுக்கு அடியில மரை போட்ட ஒரு மூட்டு இருக்குது, டிரன்னியன்னு சொல்லுவாங்க. ஹெரால்டோட உசுருநாடி அது. அதுக்கு கிரீஸ் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் உடோணும். கிரீஸ் அடிச்சா அது மரைக்குள்ள போகாது, வாசல்லயே காஞ்சு கெட்டியாயி அடைச்சுக்கும். உள்ள வறட்டு மரையில தண்ணி எறங்கித் துரு தின்னும். அப்பறம் ஒரு நாள் நீ திரும்பறப்ப அது ஒடிஞ்சு, முன் சக்கரம் கும்புடு போட்ட மாதிரி மடங்கிப் படுத்துக்கும். இதை நான் பொள்ளாச்சி ரோட்டுல ஒரு வண்டியில கண்ணால பார்த்திருக்கறேன். ஓட்டினவரு எறங்கி, சக்கரத்தைப் பார்த்து அவரும் ஒரு கும்புடு போட்டாரு. எங்க கிரீஸு, எங்க ஆயிலுன்னு தெரியாம அன்பு காட்டறதும் ஆபத்துதான் சாமி. அதை மொத வேலையாப் பிரிச்சுப் பாரு, மரையில துரு கண்டா யோசிக்காம மாத்து.

பின் சக்கரத்துக்கும் ஒரு குசும்பு உண்டு. குறுக்க ஒரே பட்டை, அதுல ரெண்டு சக்கரமும் கோழி றெக்கையாட்டத் தனித்தனியா ஆடும். வளைவுல வேகமாப் போயி, பயந்துபோயி வெடுக்குனு ஆக்சிலேட்டரை உட்டீன்னா, வெளிப்பக்கச் சக்கரம் உள்ள மடங்கி வண்டி பொறகால தூக்கும். அதனால ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுல ஏறிப் படம் எடுக்கலாம்னு நீ உன்ற சேக்காளிகிட்டப் பேசிட்டு இருந்தயே, கேட்டுச்சு. காது செவுடுன்னு நான் சொல்லிக்கறது அம்மாயிக்கு மட்டுந்தான்.

டயரைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. பட்டை தேயாம இருக்குதேன்னு சந்தோசப்படாதே, கழட்டிக் குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டு.

சாமானுக்கு என்ன பண்ணறதுன்னு கேக்கறே. கம்பெனி மூடி எத்தனையோ வருசமாச்சு. மெட்ராஸ் புதுப்பேட்டையில நாலு நாள் சுத்து, கொஞ்சம் கெடைக்கும். கெடைக்காததுக்கு நம்ம கோயமுத்தூர் லேத்துப் பட்டறை இருக்குது. பழசைக் கையில குடுத்தா அதே மாதிரி கடைஞ்சு குடுத்துருவாங்க. இந்த மண்ணுக்கு அது பழக்கந்தான். ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரிகிட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டறதுக்கு முன்னாடி அதைப் பிரிச்சுப் பரப்பித் திருப்பிப் பூட்டிப் பார்த்தவரு. அப்பறந்தான் 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் மோட்டார் உட்டாரு. அவரு மொதல்ல பெயின்ட் டப்பா வாங்குனதா நான் கேள்விப்பட்டதில்லை.

உன்ற சேக்காளி ஒருத்தன், இந்த இஞ்சினைத் தூக்கி எறிஞ்சுபோட்டு மாருதி இஞ்சின் வெச்சரலாம்னானாமா? அவனை அடுத்த வாட்டி கூட்டிட்டு வா, நம்ம எருமைக்குக் குதிரைக் காலு வெச்சுத் தரச் சொல்லலாம். இதையும் கேட்டுக்க. இது 1969 மாடல், அம்பது தாண்டிருச்சு. 2021ல ஒரு விதி போட்டிருக்கறாங்க. 50 வருசத்துக்கு மேல ஆயி, அசல் மாறாம இருக்கற வண்டிக்கு விண்டேஜ்னு தனிப் பதிவு. நம்பர்ல "வி ஏ"ன்னு வரும். புதுசாப் பதியறதுக்கு 20,000 ரூவா, 10 வருசத்துக்குச் செல்லும், அப்பறம் புதுப்பிக்க 5,000. இஞ்சினையும் சேசிஸையும் கண்டபடி மாத்துனா அந்த மரியாதை கெடைக்காது. அந்த நம்பர் வாங்கினா கண்காட்சிக்கு, பழங்கார் ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போலாம். தெனமும் பால் ஊத்தப் போக முடியாது. ஆர்.சி. புத்தகம் உங்க ஊட்டுப் பீரோவுல உன்ற அப்பன் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில இருக்குது. எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்காதே.

என்ன, மொகம் வாடிப்போச்சு? மூணு நாள்ல முடியற காரியத்தை இந்தக் கெழவன் மூணு வருசம் ஆக்கறான்னு நெனைக்கறே. போ, நீ உன்ற திட்டப்படியே செய்யி. அந்தப் பேட்டரிக் கடைக்காரனுக்கும் சொல்லிட்டயாமல்ல, வரட்டும். ஞாயித்துக்கெழமை காத்தால சந்தனம் குங்குமம் வெய்யி, எலுமிச்சம்பழம் வெய்யி, படம் புடிக்கற பசங்களை வரிசையா நிறுத்து. அம்மாயியும் புதுச்சேலை கட்டிக்கட்டும். சாவியைத் திருப்பு. ஒண்ணும் நடக்காது.

முழிக்காதே. வண்டியை உட்டுப்போட்டுப் போன அன்னைக்கு உங்க அப்பாரு, "சம்பந்தி, எவனாச்சும் அவசரப்பட்டு எடுத்துரப் போறான், நீங்களே வெச்சுக்கங்க"ன்னு சட்டைப் பையில இருந்து எடுத்து என்ற கையில குடுத்தாரு. முப்பது வருசமா இந்தா, இந்தச் சுருக்குப் பையிலதான் இருக்குது, பொகையிலைக்கு அடியில. ரோட்டரு. தொட்டுப் பாக்கறதுன்னா பாத்துக்க, தரமாட்டேன்.

நாலு சக்கரத்தையும் கழட்டி, பிரேக்கு ரப்பர் அத்தனையும் மாத்தி, வண்டியை நீயும் நானும் கெணத்து மேட்டுச் சரிவுல தள்ளி உட்டு, மிதிச்ச எடத்துல நிக்குதான்னு பார்த்துட்டு வா. கெணத்துக்கு இந்தப் பக்கமா நின்னா உனக்கு. அந்த டப்பாவை அட்டாலியில வெய்யி, எருமை முட்டிப்போடும்.